பிள்ளை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோக்காரன் எழுதுகிறேன். பன்னிரண்டு வருசமாக இதுதான் பிழைப்பு. காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள், பிறகு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், மத்தியானம் அதே றோட்டால் திரும்ப. ஒரு தடவையில் எத்தனை பேரை ஏற்றுகிறேன் என்று மட்டும் கேட்காதேங்கோ, பொலிஸ் ஐயாமாரும் பத்திரிகை வாசிக்கிறவர்கள். சிறுவர் துஷ்பிரயோகச் செய்தி ஒன்று வந்தால் போதும், அடுத்த கிழமை இந்தப் பக்கத்தில் "தூக்கில் போட வேண்டும்", "சந்தியில் நிறுத்திச் சுட வேண்டும்" என்று கடிதங்கள் வரும். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, எனக்கும் ஒரு மகளும் ஒரு மகனும். ஆனால் அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிற கோபம். அதற்கு முதல், வீட்டுக்குள், விறாந்தையில், படலையடியில் நாங்களே பிள்ளைக்கு என்ன பழக்குகிறோம் என்று ஒருவரும் எழுதக் காணவில்லை. அதனால்தான் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருசம் எனது ஓட்டோவில் ஒரு பிள்ளை வந்தாள், நாலரை வயசு. சின்ன ஆள், படியில் கால் எட்டாது. நான் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி உள்ளே இருத்திவிட்டுக் கன்னத்தில் ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், ஒரு செல்லம். ஒரு நாள் அவள் இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று, "மாமா, என்னைத் தூக்காதேங்கோ. நானே ஏறுவன். கிள்ளவும் வேண்டாம், எனக்கு விருப்பமில்லை" என்றாள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு இருக்கினம். படலையடியில் நின்ற தாய்க்கு முகம் கறுத்துப்போச்சு. "மாமாவோடை அப்பிடிக் கதைக்கிறதே? வாய்க்கொழுப்பு" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தா. உண்மையைச் சொன்னால் எனக்கும் சுள்ளென்றுதான் இருந்தது. ஒரு குஞ்சுப் பிள்ளை, நான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்தது மாதிரிச் சொல்லிப்போட்டாளே என்று.

பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரைக்கும் அதே யோசனை. பன்னிரண்டு வருசத்தில் எத்தனை கன்னம் கிள்ளியிருப்பேன், ஒரு பிள்ளையிடமாவது கேட்டுக் கிள்ளினேனா? அடுத்த நாள் ஒரு பலகைக்கட்டையைக் கொண்டுபோய்ப் படிக்கு முன்னால் போட்டேன். அவள் அதில் ஏறி, கம்பியைப் பிடித்து, தானே உள்ளே போய் இருந்தாள். ஒரு நிமிசம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். இப்போது எல்லாப் பிள்ளைகளும் கட்டையில்தான் ஏறுகிறார்கள்.

ஆனால் எனது மனதில் நின்றது நான் பட்ட வெட்கம் இல்லை, அந்தத் தாய் ஓங்கிய கை. பிள்ளை தனது உடம்பைப் பற்றி, தனது வாயால், நல்ல தெளிவாக ஒரு வார்த்தை சொன்னது. அதற்குக் கிடைத்தது அடி. தாய் நின்றது பிள்ளையின் பக்கம் இல்லை, வெளி ஆம்பிளையின் பக்கம். நான் கெட்டவன் இல்லை, சரி. அடுத்தமுறை வேறொருவன் என்றால்? அந்தப் பிள்ளை வந்து தாயிடம் சொல்லுமோ? சொன்னால் என்ன கிடைக்கும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியுமே.

எங்கள் வீடுகளில் இது ஒரு நாளில் பத்துமுறை நடக்கிறது, எங்களுக்குக் கண்ணில் படுவதில்லை. ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சனம் வான் பிடித்து வரும். பிள்ளை அவர்களைப் படத்தில் தவிர பார்த்ததில்லை. தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிக்கும். விடுவோமா? இழுத்து முன்னுக்கு விட்டு, "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு, கொஞ்சினால்தான் சொக்கிலேற்" என்போம். பிள்ளை அழுதால் "வெக்கப்படுறா" என்று எல்லோரும் சிரிப்போம். சின்னப் பெடியன் என்றால் காற்சட்டையைப் பிடித்து இழுத்து "காகம் கொத்திக்கொண்டு போகப்போகுது" என்று பகிடி விடாத கிழவர் எங்கள் ஊரில் குறைவு. விருப்பமில்லாமல் தொட விடு, விட்டால் இனிப்புத் தருவோம் என்பதுதான் இதிலிருந்து பிள்ளை பழகுகிற பாடம். பிள்ளையைக் கெடுக்க நினைக்கிறவன் கையில் எடுப்பதும் இதே இனிப்பைத்தான், கூட ஒரு போன் கேமும். அவனுக்குப் பாதி வேலையை நாங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

"பெரியாக்களுக்கு மரியாதை இல்லாமல் போயிடும்" என்று ஒரு கதை வரும், அது எனது வீட்டிலேயே வந்தது. எனது மகன் ஆறு வயசில் ஆச்சியைக் கொஞ்ச மாட்டேன் என்றான். வெத்திலை மணம் பிடிக்காதாம். ஆச்சி இரண்டு நாள் ஒரு பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. பிறகு நான் போய் இருந்து, "அம்மா, அவன் உங்களை வேண்டாமெண்டு சொல்லேல்லை, கொஞ்சத்தான் வேண்டாமெண்டவன்" என்று விளங்கப்படுத்தினேன். மகனிடமும் சொன்னேன், கொஞ்ச வேண்டாம், ஆனால் வந்தவுடன் பக்கத்தில் போய் "ஆச்சி சாப்பிட்டீங்களோ" என்று கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. இப்போது இரண்டு பேரும் தாயக்கட்டை விளையாடுகிற கூட்டாளிகள். ஆச்சி வெத்திலையை விடவில்லை, அது வேறு கதை.

காணி எல்லை என்றால் எங்கள் சனத்துக்கு உயிர். ஒரு கதியால் அரையடி தள்ளி நட்டுவிட்டால் கிராம சேவகர், இணக்க சபை, கோர்ட் என்று பத்து வருசம் திரிவோம், அண்ணன் தம்பி முகம் பார்க்க மாட்டோம். அப்படிப்பட்ட நாங்கள் பிள்ளைக்கும் ஒரு எல்லை உண்டு என்றால் "இது என்ன வெளிநாட்டுப் பழக்கம்" என்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் தகப்பன்மாரில் நிறையப் பேர் 2009இல் யுத்தம் முடியும்போது தாங்களே பிள்ளைகள். பங்கருக்குள் யார் யாரோடும் ஒட்டிக்கொண்டு படுத்தவர்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம், தறப்பாள் கொட்டிலுக்குள் இரண்டு மூன்று குடும்பம், குளிப்பதற்குச் சேலையைச் சுற்றிக் கட்டிய மறைப்பு, கக்கூசுக்கு வரிசை. அந்த முகாம் 2012இல் மூடப்படும்வரைக்கும் அதற்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உடுப்பு மாற்ற ஒரு மூலை இல்லாமல் வளர்ந்தவர்களிடம் போய்ப் பிள்ளைக்குத் தனிமை வேண்டும் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? வீடு வந்த பிறகும் பெரிதாக மாறவில்லை. எங்கள் றோட்டில் பாதிப்பேருக்கு இந்திய வீட்டுத்திட்டம்தான், 550 சதுர அடி, ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வந்தது. முன்கதவு போடுவதோடு காசு முடிந்தது, உள்ளறைக்கு இன்றைக்கும் சேலைதான் கதவு. மகள் பெரியபிள்ளையான பிறகு, அறைக்குள் போகும்போது தட்டிக் கேட்டுப் போ என்று மகனுக்குச் சொன்னேன். "சேலையிலை எப்பிடியப்பா தட்டுறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "வெளியில நிண்டு வரலாமோ எண்டு வாயாலை கேள்" என்றேன். நானும் கேட்கிறேன். முதல் ஒரு கிழமை எல்லோருக்கும் பகிடியாகத்தான் இருந்தது.

கிணற்றடியும் அப்படித்தான். ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகளை றோட்டால் போகிறவர்கள் பார்க்க உரிந்த மேனியாய் நிறுத்திக் குளிக்க வார்க்கிறோம், "சின்னப் பிள்ளைதானே" என்று. நாலு தடியும் பத்துக் கிடுகும் இருந்தால் ஒரு மறைப்புக் கட்டலாம். நாலு வயசுக்கு மேல் பிள்ளை தன்னுடைய இடங்களைத் தானே சவர்க்காரம் போட்டுக் கழுவப் பழகும், நாங்கள் தண்ணீர் வார்த்தால் போதும். பழகினால் அதுவே சொல்லும், "நான் செய்வன், நீங்கள் அங்காலை பாருங்கோ" என்று. அப்போது திரும்பி நிற்க வேண்டும். அதை விட்டுவிட்டு "எனக்குத் தெரியாததோ" என்று சிரிக்கக் கூடாது.

ஒக்டோபர் 1, சிறுவர் தினத்தோடு சேர்த்துப் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள், நானும் போனேன். நல்ல தொடுகை, கெட்ட தொடுகை என்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டோவில் வந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். கெட்ட தொடுகை என்றால் என்ன? "அடிக்கிறது" என்றான் ஒருவன். "ஊசி போடுறது" என்றாள் ஒருத்தி. பாருங்கோ, அதுகளுக்கு நோகிறது எல்லாம் கெட்டது. கெட்டவன் நோகப்பண்ண மாட்டானே. தலையைத் தடவுவான், மடியில் இருத்திக் கதை சொல்லுவான், அனேகமாக வீட்டுக்கு வந்துபோகிற, பிள்ளைக்கு நல்லாய்ப் பழக்கமான ஆளாகத்தான் இருப்பான். நல்லதா கெட்டதா என்று தரம் பிரிக்கிற வேலையை நாலு வயசுப் பிள்ளையின் தலையில் ஏற்றினால் அது பாவம் என்ன செய்யும்?

எனக்குத் தோன்றுகிற வழி வேறு. எங்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது, அந்தரம். அந்தரமாய் இருக்குது என்று நாங்கள் எத்தனை இடத்தில் சொல்கிறோம். மூன்று வயசுப் பிள்ளைக்கும் அது விளங்கும். ஒருவர் தொட்டால், பார்த்தால், கதைத்தால் உனக்கு அந்தரமாய் இருந்தால் வந்து சொல்லு, அது யாராக இருந்தாலும் சொல்லு, அப்பாவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லு. உள்ளுடுப்பு மறைக்கிற இடம் உன்னுடையது, வருத்தம் என்றால் டொக்டர் பார்ப்பார், அப்போதும் அம்மா பக்கத்தில் நிற்பா, டொக்டரும் கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவும் போதும், இதற்கு மேல் விளக்கம் பிறகு வரட்டும். அந்த இடங்களுக்குப் பெயரும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கை, கால், மூக்கு என்று எல்லாவற்றுக்கும் பெயர் பழக்கிவிட்டு அதற்கு மட்டும் "சீ" என்றால், நாளைக்கு ஏதும் நடந்தால் பிள்ளை எந்தச் சொல்லால் வந்து சொல்லும்? என் மனைவி இதில் எனக்கு மேல். வீட்டில் அதுகளைப் பெயர் சொல்லித்தான் கதைப்பா. எனக்குத்தான் முதலில் காது கூசியது.

இரகசியம் என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கை ஒளித்து வைக்கிற இரகசியம் பின்னேரம் உடையும், எல்லோரும் சிரிப்பார்கள். "அம்மாட்டைச் சொல்லாதை, சொன்னால் அம்மா உன்னை அடிப்பா" என்று ஒருவர் சொல்கிற இரகசியம் அப்படி இல்லை. அதைச் சொன்னவரையே காட்டிக் கொடு, உனக்கு அடி விழாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். பிள்ளை வந்து ஏதும் சொன்னால் "நீ ஏன் அங்கை போனனீ" என்று கேட்கிற வாயை முதலில் மூட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை எனது ஓட்டோவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், இருபத்துநாலு மணித்தியாலமும் எடுக்கலாம். எண் படிக்கப் பழகுகிற பிள்ளைகள் ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்பது என்று சத்தம் போட்டு வாசிப்பார்கள். இது என்ன நம்பர் மாமா என்று கேட்டால் சொல்லுவேன், "பெரியாக்கள் உங்களை அந்தரப்படுத்தினால் எடுக்கிற நம்பர்". பள்ளிக்கூட ரீச்சரையும் சேர்த்தோ என்று ஒருவன் கேட்டான். சேர்த்துத்தான் என்றேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடம்பில் கை படாமலும் எல்லையைத் தாண்டலாம். எங்கள் பக்கம் உதவி செய்கிறோம் என்று யூரியூப்காரர் வருகிறார்கள். உதவி உண்மைதான், அரிசி மூட்டை உண்மை, சைக்கிள் உண்மை, அதனால் கும்பி நிறைந்த சனமும் உண்டு. எனது ஓட்டோவில் வருகிற ஒரு பிள்ளை, எட்டு வயசு, நல்ல வாயாடி, ஏறினால் இறங்கும்வரைக்கும் கதை. ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குக் கமரா வந்தது. கூரையைக் காட்டினார்கள், அடுப்பைக் காட்டினார்கள், கொடியில் காய்ந்த கிழிந்த உடுப்பைக் காட்டினார்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி "அப்பா எங்கை?" என்று கேட்டார்கள். அவள் பேசவில்லை. திரும்பக் கேட்டார்கள். மூன்றாம் தரம் அழுதுவிட்டாள், அந்த அழுகையைத்தான் வீடியோவின் முகப்புப் படமாகப் போட்டார்கள், பெயர், பள்ளிக்கூடம், படலை எல்லாம் தெரிய. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெடியன் அந்தக் குரலிலேயே "அப்பா எங்கை" என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு ஓட்டோவில் ஏறி மூலையில் இருந்தவள் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. நான் கண்ணாடியில் பார்ப்பேன், வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

தாயில் பிழை சொல்ல மாட்டேன், வீட்டில் அரிசி இல்லாத நேரம் கமராவை நிறுத்து என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் கொண்டு வருகிறவர் யோசிக்கலாமே. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற எங்கள் உறவுகளும் யோசிக்கலாம், தங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், இங்கே அழுகிற முகத்தைப் பார்த்தால்தான் காசு அனுப்புவீர்களா? கணக்குக் கேளுங்கோ, பற்றுச்சீட்டுக் கேளுங்கோ, முகம் கேட்காதேங்கோ. அந்தப் பெற்றோர் கூட்டத்தில் வந்த உத்தியோகத்தர் சொன்னார், ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் வந்தது, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது, அதில் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தில் நியாயமில்லாமல் யாரும் தலையிடக் கூடாது என்கிறது என்று. எல்லோரும் தலையாட்டினோம். கூட்டம் முடியப் புத்தகப்பை கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார்கள்.

சாமத்திய வீட்டுக்குச் சந்தியில் கட்டுகிற பெரிய படப் பதாதையையும் இதோடு சேர்க்கலாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு முதன்முதலாய் வந்ததை ஊருக்கே அறிவித்துவிட்டு, அடுத்த நாள் அந்தப் பதாதைக்குக் கீழால் அவளைப் பள்ளிக்கூடம் போகச் சொல்கிறோம். சடங்கு செய்யுங்கோ, பந்தி வையுங்கோ, நானும் வந்து சாப்பிடுவேன். படத்துக்கு மட்டும் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டுப் பாருங்கோ.

கடைசியாக ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு குறை. உங்கள் பத்திரிகை மட்டும் இல்லை, எல்லாப் பத்திரிகையும்தான். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரைப் போடுவதில்லை, நல்லது. ஆனால் ஊர்ப் பெயர், வயசு, எத்தனையாம் தரம், தகப்பன் என்ன தொழில், தாய் எந்த நாட்டில் வேலை, எல்லாம் எழுதிவிடுகிறீர்கள். முன்னூறு குடும்பம் இருக்கிற கிராமத்தில் இதற்கு மேல் பெயர் எதற்கு? பத்து மணிக்குப் பத்திரிகை வந்தால் பத்தரைக்குப் படலையடியில் ஆள் நிற்கும். இப்படியான குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுகிற விபரத்தை வெளியிடுவதே குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்த்திருக்கிறார்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். "வன்னியில் ஒரு சிறுமி" என்று எழுதினால் செய்திக்கு என்ன குறையப்போகிறது?

எனது பெயரையும் போட வேண்டாம். போட்டால் எங்கள் ஊரில் எந்த ஓட்டோ, எந்தப் பிள்ளைகள் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை எழுதுவதற்கு முதல் இரண்டு பிள்ளைகளிடமும் அவர்களின் தாய்மாரிடமும் கேட்டேன். கட்டையில் ஏறுகிற சின்னவள், "எழுதுங்கோ, ஆனா என்ரை பேர் வேண்டாம்" என்று கட்டளை போட்டாள். மற்றவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "போட்டோ வராதே மாமா?"

வராது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டோக்காரன்,
வன்னி.